டி டிரைவில் போட்டு வைங்க!

உங்கள் ஆபீஸில் சர்வர் எங்கே இருக்கிறது?

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் இடம் என்றால், அநேகமாக அது அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண்ணின் காலடியில் இருக்கும். இல்லாவிட்டால் சாமி படத்துக்குக் கீழே, யு.பி.எஸ். பக்கத்தில், பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவே. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்துபோயிருக்கும். வருஷத்தில் ஒரு நாள் பொரியும் கடலையும் உண்டு. மீதி 364 நாளும் தூசுதான்.

பூஜை போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பெட்டியைக் காப்பாற்ற ஆபீஸ் செய்திருக்கும் ஒரே ஏற்பாடு அதுதான் என்றால், சண்டைக்கு வருவேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ கழற்ற வேண்டாம், திரையில் திறந்தால் போதும். சி, டி, இ, எஃப் என்று நான்கு டிரைவ் வரிசையாக நிற்கும். சி-யில் விண்டோஸ். டி-யில் டேலி. இ-யில் 'டேட்டா'. எஃப்-இல் 'பேக்கப்'. அடடா, என்ன ஒழுங்கு என்று தோன்றும். உள்ளே போங்கள். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'டெஸ்க்டாப் பழசு', 'டெஸ்க்டாப் ரொம்பப் பழசு'. அதற்குள்ளே 'கொட்டேஷன் ஃபைனல்', 'கொட்டேஷன் ஃபைனல் நியூ', 'கொட்டேஷன் ஃபைனல் நியூ லேட்டஸ்ட்'. இதில் கஸ்டமருக்குப் போனது எது? தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. பில் இருக்க வேண்டிய இடத்தில் முதலாளி வீட்டுக் கல்யாண வீடியோ. பேக்கப் டிரைவில் கடைசியாகப் பதிந்த தேதி போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி.

இதெல்லாம் என்னங்க என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்.

"கவலைப்படாதீங்க சார். முக்கியமானதெல்லாம் டி டிரைவில் போட்டு வெச்சிருக்கு. சி போனாலும் டி போகாது."

நம் ஊர் ஆபீஸ்களில் ராகு காலத்துக்கு அடுத்தபடி அதிகம் பேர் நம்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த நம்பிக்கை சும்மா வந்துவிடவில்லை. ஏ, பி என்ற எழுத்துகள் ஃப்ளாப்பிகளுக்குப் போய்விட்டன. 1983-ல் ஐ.பி.எம். தன் எக்ஸ்.டி. கம்ப்யூட்டரில் 10 எம்.பி. ஹார்டு டிஸ்க் வைத்துக் கொடுத்தபோது, அதற்கு சி என்ற எழுத்து வந்தது. பிறகு டிஸ்க் பெருத்துக்கொண்டே போனது. ஆனால் அந்தக் கால டாஸ் கணக்கு வைக்கும் முறைக்கு, ஒரு பிரிவு 2 ஜி.பி.க்கு மேல் போனால் கையாளத் தெரியாது. பெரிய டிஸ்க் வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் அதைத் துண்டு போட்டார்கள். டி, இ, எஃப் எல்லாம் அப்படிப் பெருகியவைதான். 1996-ல் ஃபேட் 32 என்ற புது முறை வந்ததும் அந்தக் கட்டாயம் ஒழிந்தது. பழக்கம் ஒழியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வைரஸ் வந்தால் சர்வீஸ் பையன் வருவான், சி-யை மட்டும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவான். டி-யில் இருந்தது தப்பிக்கும். ஜனங்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். 'சி போனாலும் டி போகாது' என்பது அப்போதே வேதவாக்காகிவிட்டது.

பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் முழு நஷ்டம் வருகிறது.

பார்ட்டிஷன் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நம் ஊர் பத்திர ஆபீஸில் என்ன பெயர்? பாகப்பிரிவினை. ஒரு வீட்டை நான்கு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவில் சுவர், தனித்தனி வாசல், தனித்தனி ஈ.பி. மீட்டர், பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அஸ்திவாரம்? ஒன்றுதான். அது உட்கார்ந்தால் நான்கு பாகமும் சேர்ந்துதான் உட்காரும். 'இது என் பங்கு, என் பக்கம் இடியாது' என்று பத்திரத்தைக் காட்ட முடியாது.

ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். உள்ளே ஒரு மோட்டார், நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டுகள், படிக்கவும் எழுதவும் முனைகள், ஒரு சர்க்யூட் போர்டு. சி, டி, இ, எஃப் எல்லாம் அந்த ஒரே மோட்டாரை நம்பிப் பிழைக்கும் கூட்டுக் குடும்பம். இப்போது வருகிற எஸ்.எஸ்.டி.யில் மோட்டார் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் நடத்தும் கன்ட்ரோலர் சிப் அதிலும் ஒன்றுதான். அது போனால் எழுத்துகள் எல்லாம் ஒன்றாகப் போகும்.

ஆகவே, அதே டிஸ்க்கில் எஃப் என்று ஒரு பாகம் போட்டு, 'பேக்கப்' என்று பெயர் வைத்து, அதில் காப்பி எடுத்து வைப்பது எதைப் போன்றது தெரியுமா? சட்டையின் இடது பையில் இருந்த பணத்தை வலது பைக்கு மாற்றிவிட்டு, 'பேங்க்கில் போட்டாச்சு' என்பதைப் போன்றது. சட்டையையே உருவிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்?

இந்தத் துண்டு போடும் பழக்கத்தால் தினப்படி அவஸ்தையும் உண்டு. சி-க்குக் கிள்ளிக் கொடுத்த இடம் விண்டோஸின் அப்டேட்களாலேயே நிரம்பிவிடும். சி சிவப்பாகி மூச்சு முட்டும். இ காலியாகக் கிடக்கும். இ-யிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுக்கலாமே என்றால், விண்டோஸோடு வருகிற டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒப்புக்கொள்ளாது. சி-க்கு வலது பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் காலி மனையை மட்டும்தான் அது சேர்க்கும். நடுவில் டி வீடு கட்டிக் குடியிருக்கிறதே! பாகப்பிரிவினை என்றால் சும்மாவா?

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இது கம்ப்யூட்டர் விஷயமே இல்லை, கணக்கு விஷயம் என்பதுதான் என் கட்சி. காமர்ஸ் வகுப்பில் ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது. ஒருவர் செய்த வேலையை இன்னொருவரின் வேலை தானாகவே சரிபார்க்க வேண்டும். பெட்டிக்கடை அண்ணாச்சிக்குக்கூடத் தெரிந்த தத்துவம் இது. கல்லாவில் யார் கை வைக்கலாம் என்பதில் அவர் தெளிவாக இருப்பார்.

நம் ஆபீஸ் சர்வரில் என்ன நடக்கிறது? ஷேர் போடும்போது 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று ஒரு டிக். தீர்ந்தது வேலை. நேற்றுச் சேர்ந்த டெலிவரி பையன் சம்பளப் பட்டியலைத் திறக்கலாம். டிசைனர் சேல்ஸ் பில்லைத் திருத்தலாம். கூரியர் அனுப்புகிறவர் மொத்த ஃபோல்டரையும் தெரியாமல் இழுத்துப் பக்கத்து ஃபோல்டருக்குள் போடலாம். கல்லாவைத் திறந்து தெருவில் வைத்துவிட்டு, 'நம்மகிட்ட எல்லாரும் நல்ல பசங்க' என்பது நிர்வாகமா?

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போகும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் வழியாக சர்வரில் இருப்பதை அழித்தால் சாதாரணமாகக் குப்பைத்தொட்டி கிடையாது. போனது போனதுதான்.

அப்படி ஒருநாள் போகும். மார்ச் மாதமாகப் பார்த்து, ஆடிட்டர் கேட்கும்போது பார்த்துத்தான் போகும். அப்போது ஆபீஸில் எழும் முதல் குரல் எது தெரியுமா?

"ஏம்மா, என்ன பண்ணி வெச்ச?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைக்கிறது. ஆபீஸிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவரைப் பார்த்துத்தான் அது கேட்கப்படுகிறது. அந்தப் பெண் அந்த சர்வரை வாங்கவில்லை. நான்காகப் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாச் சாவியையும் கொடுக்கவில்லை. பேக்கப் டிஸ்க் வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருப்பார், 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று பதில் வந்திருக்கும். ஆனால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து, பேப்பர் பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றுகிறவர் அவர்தான். ஓவர்டைம் கிடையாது. தப்பு செய்ததற்கு ஓவர்டைம் வேறா என்று பார்வையாலேயே கேட்பார்கள்.

1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியில் இதே போல நடந்தது. 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தது. சர்வரில் யாரோ அழிக்கும் கட்டளை ஒன்றைத் தப்பான இடத்தில் தட்டிவிட, கதாபாத்திரங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. யாரும் அதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். 1999-ல் படம் வெளியானது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. பிக்ஸார் தலைவராக இருந்த எட் கேட்முல் 2014-ல் வந்த தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டளையைத் தட்டியது யார் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பது அவர்கள் வேலைப் பட்டியலிலேயே இல்லையாம். ஏற்பாட்டைச் சரிசெய்தார்கள், ஆளைத் தேடவில்லை. நம் ஊரிலோ ஆளைத்தான் முதலில் தேடுகிறோம். ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

"அதெல்லாம் ஏ.எம்.சி. பையன் பார்த்துப்பான்" என்பது முதலாளிகளின் அடுத்த பதில். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? சம்பள விவரத்தை யார் பார்க்கலாம், 2019 பில்லை இன்னும் வைத்திருக்க வேண்டுமா, எந்தக் கஸ்டமர் முக்கியம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவன் கொத்தனார். எந்த அறையில் யார் படுப்பது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

நாம் எப்போதும் கரித்துக்கொட்டும் தாலுகா ஆபீஸைப் பாருங்கள். அங்கிருந்து வரும் கடிதத்தின் தலையில் ந.க. என்றோ, ஓ.மு., மூ.மு., ப.மு. என்றோ போட்டிருக்கும். கவனித்திருக்கிறீர்களா? ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருக்க வேண்டிய முடிவு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. என்றைக்கும் அழிக்கக் கூடாதவற்றுக்குத் தனி வகை. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் வழங்கும் முறை இது. ஒரு ஃபைலை மூடும்போதே, இது எத்தனை வருஷத்துக்கு வேண்டும் என்று தீர்மானித்துக் குறித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் யோசித்த ஏற்பாடு. ஐந்து லட்சம் ஃபைல் வைத்திருக்கும் நம் சர்வரில் 'ரொம்பப் பழசு' என்ற ஒரே வகைதான் இருக்கிறது!

இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்த முதலாளி, "எங்க சர்வர்ல ரெய்டு இருக்கு" என்பார். வருமான வரிக்காரர்கள் வரும் ரெய்டு இல்லை, பதற வேண்டாம். 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெயர் சூட்டிய ஏற்பாடு. அதில் ஒரு வகை, இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று செத்தாலும் இன்னொன்று வேலையை நிற்காமல் நடத்தும். நல்ல விஷயம், அவசியம் வேண்டும். ஆனால் அது கண்ணாடி. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் அங்கேயும் பூட்டும். கண்ணாடியில் தெரிகிற பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்கலாமா?

பூட்டும் வைரஸ் என்றதும் 2017 மே மாதம் ஞாபகம் வருகிறது. 'வான்னாக்ரை' வந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இந்த ரகத்துக்கு சி-யும் ஒன்றுதான், டி-யும் ஒன்றுதான். கைக்கு எட்டுகிற எழுத்தையெல்லாம் பூட்டும். சர்வரில் எப்போதும் செருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கும் கைக்கு எட்டுவதுதானே? இத்தனைக்கும் அதைத் தடுக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'அப்டேட் அப்புறம் பண்ணிக்கலாம்' என்றவர்கள்தான் மாட்டினார்கள்.

"அப்போ எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடறோம்" என்கிறீர்களா? போடுங்கள். ஆனால் கிளவுட் என்பதும் எங்கோ இருக்கும் ஒரு கட்டடத்தில் உள்ள டிஸ்க்தான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்கத்தின் டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்ற கிடங்கு எரிந்து போனது. 858 டி.பி. டேட்டா. பேக்கப்? இல்லை. ரொம்பப் பெரிசு, காப்பி எடுக்க முடியவில்லை என்றார்கள். உலகத்துக்கே டிஸ்க்குக்கான சிப் விற்கும் நாடு அது! அங்கேயும் ஜி டிரைவில் போட்டு வைத்தார்கள், இங்கேயும் டி டிரைவில் போட்டு வைக்கிறோம். எழுத்துதான் வேறு.

தீ வேண்டாம், தண்ணீர் போதும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது தரைத்தளத்து ஆபீஸில் சர்வரும், அதே மேஜையின் கீழ் டிராயரில் பேக்கப் டிஸ்க்கும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சென்னைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? உங்கள் போர்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தால், கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ன் கம்பெனிச் சட்டம். கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால், இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்திவிட்டார்கள். தினமும்! ஊழியர்களின் ஆதாரையும் பான் கார்டையும் ஸ்கேன் பண்ணித் திறந்த ஷேரில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அந்தச் சட்டத்தின் முன் போய், "டி டிரைவில்தாங்க இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், பெரிய வித்தை எதுவும் இல்லை. விண்டோஸுக்குத் தாராளமாக ஒரு சி. டேட்டாவுக்குத் தனியாக ஒன்று. அவ்வளவுதான், நான்கு பாகம் வேண்டாம். இப்படி இரண்டாகப் பிரிப்பதில் அர்த்தம் உண்டு. விண்டோஸ் படுத்தால் கணக்கைத் தொடாமல் மறுபடி ஏற்றலாம், யாரோ சினிமா கொட்டி நிரப்பினாலும் சர்வர் மூச்சு விடும். ஆனால் அது வசதி, பாதுகாப்பு அல்ல. டேட்டாவுக்கு முடிந்தால் இரண்டு டிஸ்க், கண்ணாடி முறையில். ஃபோல்டருக்கு ஆளின் பெயர் வைக்காதீர்கள், ஆள் போய்விடுவார். வேலையின் பெயரை வையுங்கள்: விற்பனை, கொள்முதல், சம்பளம், வரி. அதற்குள் நிதியாண்டு. ஃபைலுக்குத் தேதியை வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாக வரிசையில் நிற்கும், 'ஃபைனல் நியூ லேட்டஸ்ட்' செத்துப்போகும். எதை யார் படிக்கலாம், எதில் யார் எழுதலாம் என்று ஒரு தாளில் நீங்களே எழுதி, ஏ.எம்.சி. பையனிடம் கொடுங்கள். பேக்கப்புக்கு உலகம் முழுக்கச் சொல்லும் வாய்ப்பாடு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனத்தில், அதில் ஒன்று ஆபீஸுக்கு வெளியே. வெளியே போகும் டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

இதற்கு ஆகும் செலவு, உங்கள் ரிசப்ஷனில் போட்டிருக்கும் சோஃபாவைவிடக் குறைவு. அந்த சோஃபாவில் யாரும் உட்காருவதுகூட இல்லை.

வருகிற திங்கட்கிழமை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். போன வருஷம் போட்ட ஒரு பில்லின் நம்பரைச் சொல்லி, அதை சர்வரிலிருந்து இல்லாமல் பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் வந்தால், எடுத்துக் கொடுத்தவருக்கு இன்க்ரிமென்ட் போடுங்கள்.

வராவிட்டால் யாரையாவது திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால், கண்ணாடி முன்னால் நின்று!